மருந்தும் நஞ்சும்: கேமரன் மலைத் தோட்டங்களில் பூச்சிக்கொல்லியின் வரலாறு

பயிரில் விழும் பூச்சியைக் கொல்லத் தெளிக்கும் பொருளை மலாய் மொழியில் ‘ராச்சுன்’ என்பர். நஞ்சு என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். மலேசிய நாட்டில் 1974ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பூச்சிக்கொல்லிச் சட்டமும் மலாய் மொழியில் அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. தமிழரோ அதே பொருளை மருந்து என்றனர். ‘மருந்தடிக்கப் போயிருக்கிறான்’ என்று தோட்டத்தில் ஒருவர் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. பயிருக்கு வந்தது நோய், நோய்க்கு இடுவது மருந்து என்னும் எண்ணத்தில் இவ்வழக்குப் பிறந்திருத்தல் கூடும். தமிழில் மருந்து என்ற சொல் உடல்நலத்தை மட்டும் குறித்து நின்றதன்று. வெடிமருந்து என்கிறோம், ஒருவரை வசப்படுத்தச் சோற்றில் கலந்து வைப்பதாக ஊரார் நம்பிய பொருளை இடுமருந்து என்கிறோம். ஆயினும் பள்ளி சென்றறியாத ஒரு தொழிலாளியின் செவியில் ராச்சுன் என்ற சொல் எழுப்பும் அச்சத்தை மருந்து என்ற சொல் எழுப்புவதில்லை. மருந்துதானே என்று வெறுங்கையால் கலக்கினவர் பலர். கேமரன் மலையின் வரலாற்றை இந்தச் சொல்லின் வழியாக நோக்கினால் சில உண்மைகள் புலப்படும்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இம்மலைநாட்டை வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டில் கண்டு எழுதினார். நாற்பது ஆண்டுகள் வரை அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரிற் சென்று பார்த்த பின்னரே அரசாங்கத்தின் கண் அதன்மீது விழுந்தது. விவசாய இலாகாவின் சோதனைத் தோட்டம் அமைந்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் பாதை 1931ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணையாய் நின்ற ஏ. பி. மில்ன் இலங்கையில் தேயிலைத் தொழில் கற்றவர். காட்டை வெட்டிச் சரிவில் கன்று நட்டுக் கொழுந்து பறித்தவர்களிற் பெரும்பாலோர் தமிழர். பாதை வந்ததும் சீனக் குடியானவர்கள் பள்ளத்தாக்குகளிற் கோசு, கீரை முதலியன பயிரிட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பலாயினர். பின்னாளில் தமிழரும் காய்கறித் தோட்டத் தொழிலில் இறங்கினர். ஆக, மலையில் இருவகைப் பயிர்த்தொழில் அருகருகே வளர்ந்தது. ஒன்று ஐம்பது ஆண்டு நிற்கும் செடி. மற்றொன்று மூன்று மாதத்தில் அறுவடையாகும் செடி. பூச்சியின் கதை இவ்விரண்டிலும் ஒன்றாய் இருக்கவில்லை.

செயற்கை நஞ்சுகள் வருமுன் மலாயாவில் பூச்சிக்கொல்லி இருந்ததா என்று கேட்பார் உண்டு. இருந்தது. துபா என்னும் கொடியின் வேரை நசுக்கி ஆற்றில் கலந்து மீன் பிடிப்பது மலாயரும் ஓராங் அஸ்லி மக்களும் நெடுங்காலமாய் அறிந்த வழக்கம். அந்த வேரின் சாற்றையே சீனத் தோட்டக்காரர்கள் இலை தின்னும் புழுக்களின்மீது தெளித்தனர். சிங்கப்பூரில் வாழ்ந்த டாக்டர் ஆக்ஸ்லி 1848ஆம் ஆண்டிலேயே இவ்வேரின் பூச்சி கொல்லும் ஆற்றலைப் பற்றி எழுதினார். இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயாவிலிருந்து துபா வேர் மேனாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. தமிழ்நாட்டுக் குடியானவர் கத்தரிச் செடியில் சாம்பல் தூவினர். புகையிலைக் கஷாயம் தெளித்தனர். வேப்பம் பிண்ணாக்கு இட்டனர். கோயம்புத்தூரில் பணியாற்றிய டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சியியற் கைந்நூல் இத்துறை அந்நாளில் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்குச் சான்று. துபா வேரும் புகையிலையும் இயற்கையில் விளைந்தவை என்பதால் தீங்கற்றவை என்று கொள்ளுதல் தவறு. புகையிலையின் நிக்கோட்டின் கொடிய நஞ்சு. ஆனால் இவற்றின் வேகம் வெயிலிலும் மழையிலும் விரைவிற் குறைந்துவிடும். அடுத்து வந்தவற்றின் சிறப்பே அவை எளிதிற் கெடாமை. அவற்றின் தீமையும் அதிலிருந்தே பிறந்தது.

டி.டி.டி. என்னும் பொருள் பூச்சியைக் கொல்லும் என்று சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் கண்டார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போர்க்காலத்தில் கோடிக்கணக்கான மக்களை டைபஸ் காய்ச்சலினின்றும் மலேரியாவினின்றும் காத்தது அது என்பதை மறுப்பதற்கில்லை. போர் முடிந்ததும் அது வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்தது. பின்னாலேயே பி.எச்.சி., டீல்டிரின், பாரத்தியான் முதலியன வரிசையாய் வந்தன. கோசு பயிரிட்டவருக்கு இவை வரப்பிரசாதமாகத் தோன்றின. காரணம், வைரமுதுகு அந்துப்பூச்சி.

இந்த அந்துப்பூச்சி ஒரு விரல் நகத்தின் அளவுகூட இல்லாதது. சிறகை மடக்கி அமரும்போது முதுகில் வைரக் கட்டங்கள் போன்ற வெண்குறி தெரியும்; பெயர் அதனால் வந்தது. அதன் பச்சைப் புழு கோசிலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். தொட்டால் நெளிந்து நூலிழையில் தொங்கும். மலாயாவில் இது 1925இல் முதன்முதலாகக் குறிக்கப்பெற்றது. குளிர்ந்த மலையிலும் ஓராண்டில் பத்துத் தலைமுறைக்கு மேற் பெருகும். கேமரன் மலையில் கோசு இல்லாத மாதமே இல்லை. ஆகவே புழு பட்டினி கிடக்கும் காலமும் இல்லை.

டி.டி.டி. அடித்த தொடக்க ஆண்டுகளில் புழு செத்தது. பின்னர் அதே அளவுக்குச் சாகவில்லை. அளவைக் கூட்டினர், அதற்கும் சாகாத நாள் வந்தது. உலகில் பயிரைத் தின்னும் பூச்சிகளுள் டி.டி.டி.யை வென்றதென முதன்முதல் அறிவிக்கப்பெற்றது இந்த வைரமுதுகுப் பூச்சியே. ஜாவாவின் மலைப்பகுதியில் அது நிகழ்ந்ததை ஆங்கர்ஸ்மிட் என்னும் ஆராய்ச்சியாளர் 1953இல் வெளியிட்டார். கேமரன் மலைக் கோசுத் தோட்டங்களில் பூச்சிக்கொல்லிகள் எவ்வளவு பயன் தருகின்றன என்பதை ஹெண்டர்சன் சோதித்து 1957ஆம் ஆண்டு மலாயா விவசாயச் சஞ்சிகையில் எழுதினார். 1965இல் ஹோ என்பார் இப்பூச்சியின் வாழ்க்கை வரலாற்றை விரிவாய் ஆராய்ந்தார். 1978இல் சுதிருதீன், கோக் ஆகிய இருவர் கேமரன் மலையிற் பிடித்த பூச்சிகளைச் சோதித்து, அவை பலவகை நஞ்சுகளைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டதை எடுத்துக்காட்டினர்.

பூச்சி நஞ்சுக்குப் பழகிவிடுகிறது என்று பொதுவாய்ச் சொல்வர். கள்ளுக்குப் பழகிய மனிதனைப் போல ஒரு பூச்சி நஞ்சுக்குப் பழகுவதில்லை. ஆயிரம் புழுவில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்நஞ்சைச் சிதைக்கும் திறன் இருக்கும். தெளிப்பு மற்றவற்றைக் கொன்று அவ்விரண்டை விட்டுவைக்கிறது. அவை இணைந்து முட்டையிட, அடுத்த தலைமுறையில் அத்திறனுடையவை பெருகுகின்றன. அடிக்கடி தெளிப்பவன் தன்னை அறியாமலே வலிய பூச்சியைப் பொறுக்கி வளர்க்கிறான். வாரம் ஒரு முறை போதாமல் இரு முறையும், ஒரு மருந்து போதாமல் மூன்று நான்கைக் கலந்தும் அடித்த கேமரன் மலைத் தோட்டக்காரரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது எளிது. ஓட்டை விழுந்த கோசை வாங்குவோர் நகரத்தில் இல்லை என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதனினும் நுட்பமான பாடம் ஒன்று தேயிலையிலிருந்து கிடைத்தது. அது நடந்தது இலங்கையில். அங்கே தேயிலைக் கொழுந்தைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேரழிவு செய்தது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் 1935-36இல் ஜாவாவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவியை வருவித்து மலைகளில் விட்டனர். அக்குளவி சுருட்டுப் புழுவின் உடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். சில ஆண்டுகளில் சுருட்டுப் புழு பெருந்தொல்லை என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. எவரும் பம்பு தூக்கவில்லை, காசு செலவழிக்கவில்லை, கொழுந்தில் நஞ்சும் ஏறவில்லை.

பின்னர் 1950களில் வேறொரு பூச்சியை ஒழிக்க வேண்டிய தேவை வந்தது. தேயிலையின் தண்டைத் துளைக்கும் சிறு வண்டு அது. டீல்டிரின் அடித்தால் அவ்வண்டு அடங்கும் என்று கண்டு தோட்டங்களில் அடித்தனர். வண்டு குறைந்தது. ஆனால் இருபதாண்டாய் அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு மீண்டும் கிளம்பிற்று. வண்டுக்கு இட்ட நஞ்சு குளவியையும் கொன்றிருந்தது. சுருட்டிய இலைக்குள் மறைந்திருந்த புழுவை நஞ்சு அவ்வளவாகத் தொடவில்லை. வெளியே பறந்து திரிந்த குளவி மாண்டது. இதனைக் கண்டறிந்த ஆராய்ச்சி நிலையத்தார் அந்நஞ்சை விலக்கும் வழியைத் தேடினர். மலாயாவின் செம்பனைத் தோட்டங்களிலும் இதே கதை நிகழ்ந்தது. பரந்த அளவில் நஞ்சு தெளித்த இடங்களிலே கூட்டுப்புழு பெருகியதையும், தெளிப்பை நிறுத்திய பின் அது தணிந்ததையும் பி. ஜே. வூட் என்னும் பூச்சியியலார் 1960களில் விளக்கினார்.

இப்பாடம் கேமரன் மலைக் காய்கறிக்கு வந்து சேர மேலும் பத்தாண்டாயிற்று. 1975 முதல் 1977 வரை வைரமுதுகுப் பூச்சியைத் தாக்கும் குளவிகளை வெளிநாடுகளிலிருந்து வருவித்து அம்மலையில் விட்டனர். லிம் குவான் சூன், பீட்டர் ஊய் முதலிய ஆராய்ச்சியாளர் இப்பணியில் முன்னின்றனர். அவற்றுள் டயடெக்மா என்னும் குளவி குளிர்நாட்டுக்கு உரியது. சமவெளியின் வெப்பத்தில் செழிக்காது. மலைக்கு அது பொருத்தமே. விட்டவுடன் அது பரவிவிடவில்லை. பரவுமுன்னரே அடுத்த வாரத் தெளிப்பு அதைக் கொன்றது. கோசுப் புழுவை மட்டும் கொன்று குளவியை விட்டுவைக்கும் பாக்டீரிய மருந்து ஒன்றைச் சிலர் கைக்கொண்ட பின்னரே குளவிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1980களின் இறுதியில் அம்மலையில் புழுவைத் தாக்கும் குளவிகளுள் டயடெக்மாவே முதலிடம் பெற்றிருந்தது. நீலகிரியிலும் இக்குளவி நிலைபெற்றிருக்கிறது.

கதை இத்துடன் இன்பமாய் முடிந்திருக்கலாம். முடியவில்லை. அந்தப் பாக்டீரிய மருந்தையும் சிலர் வாரந்தவறாது அடித்தனர். 1990இல் ஹவாய்த் தீவில் வைரமுதுகுப் பூச்சி அம்மருந்தையும் தாங்குவது அறிவிக்கப்பெற்றது. 1996இல் மலேசியப் பூச்சிகளிடத்தும் அதே திறன் காணப்பட்டது. உயிரியல் மருந்தானாலும் ஓயாது அடித்தால் விளைவு ஒன்றுதான்.

இதுகாறும் சொன்னது பூச்சியின் பக்கம். பம்பைச் சுமந்த மனிதனின் பக்கம் பெரிதும் எழுதப்படாதது. மலாயாத் தோட்டங்களில் தமிழன் முதுகில் தெளிப்புக் கருவி ஏறியது பயிருக்காக அன்று. சர் மால்கம் வாட்சன் முதலியோர் காட்டிய வழியில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொசுவை ஒழிக்க ஓடைகளிலும் கால்வாய்களிலும் எண்ணெய் தெளித்தனர். அடுத்து, பால்மரத் தோட்டங்களில் களையைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணம் வந்தது. கால்நடைகளும் சில வேளை மனிதரும் அதனால் மாண்டனர். 1960களில் பாரக்குவாட் வந்தபோது பாஷாணத்தினும் அது மேல் என்றே பலர் வரவேற்றனர். அதை விழுங்கினால் நுரையீரல் சிதையும். மாற்று மருந்து இன்றளவும் இல்லை. தோட்டங்களில் இதனைத் தெளித்தவர்களில் பெண்கள் மிகுதி. ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா என்னும் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு, தெளிப்புத் தொழிலில் ஈடுபட்ட பெண்களின் உடல்நலக் கேடுகளை வெளியுலகுக்குக் காட்டிற்று. அவ்வாண்டிலேயே மலேசிய அரசு பாரக்குவாட்டை விலக்க முடிவு செய்தது. 2006இல் அத்தடை தளர்த்தப்பெற்றது. முழுத்தடை 2020 ஜனவரி முதல் நாளில்தான் நடப்புக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! அவ்விடைக்காலத்தில் அதைச் சுமந்தோரின் கணக்கை எவரும் எடுக்கவில்லை போலும்.

இந்தியாவில் சட்டம் பிறந்த வரலாறு இன்னும் துயரமானது. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் பட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நஞ்சும் உணவும் ஒன்றாய் ஏற்றிச் செல்லப்பட்டதே காரணம். விசாரணைக் குழு அமைந்தது. பத்தாண்டு கழித்து 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. நஞ்சின் கொடுமைக்கு ஏற்ப இந்தியப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என முக்கோணக் குறியிட வேண்டும் என்பது 1971இல் வந்த விதி. மலேசியாவில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என வகுத்துள்ளனர். எழுத்தறியாதவரும் நிறமறிவர் என்பதே இதன் கருத்து. ஒரு நாட்டில் மிகக் கொடியதைச் சிவப்பு காட்ட, மறுநாட்டில் சிவப்புக்கும் மேலே கறுப்பு இருப்பதால், நாடு விட்டு நாடு வந்த தொழிலாளிக்கு நிறமும் முதலில் கற்பிக்கப்பட வேண்டியதாகிறது.

பாரத்தியான் இனத்து நஞ்சுகள் உடலிற் செய்வது யாது? நரம்பின் செய்தி தசைக்குச் சென்றதும் அதனை அடக்கும் நொதி ஒன்று உண்டு. நஞ்சு அந்நொதியைக் கட்டிவிடுகிறது. செய்தி அடங்காது, தசை துடிக்கிறது, எச்சில் வடிகிறது, வியர்வை பெருகுகிறது, கண்ணின் கருமணி ஊசிமுனை போற் சுருங்குகிறது, மூச்சு தடைப்படுகிறது. இந்நஞ்சு தோலின் வழியாகவும் உட்செல்லும் என்பதே பலர் அறியாதது. மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வெறுங்காலோடும் வெறுங்கையோடும் தெளிப்பவர் வாசலைச் சாத்திச் சன்னலைத் திறந்து வைத்தவரே. ஒழுகும் பம்பின் ஈரம் முதுகுச் சட்டையில் நாள் முழுதும் ஊறுவது மிகக் கேடானது. சட்டை நனைந்தால் உடனே கழற்றிச் சோப்பிட்டுக் குளிக்க வேண்டும். அச்சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைத்தல் ஆகாது. பம்பின் தெளிமுனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதும் பழக்கம் எங்கும் உண்டு. அதற்கு ஒரு ஈர்க்கோ மெல்லிய தூரிகையோ போதும். நஞ்சைச் சோடாப் புட்டியில் ஊற்றி வைத்ததால் நேர்ந்த சாவுகள் எந்நாட்டிலும் குறைவில்லை. மயங்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோர் புட்டியையும் உடன் கொண்டு செல்லுதல் முறை. எந்த நஞ்சு என்று தெரிந்தாலன்றி மருத்துவர் அட்ரோபின் கொடுப்பதா வேறு வழி நாடுவதா என்று விரைந்து துணிய இயலாது.

உண்பவரைக் காப்பது வேறொரு கணக்கு. ஒவ்வொரு நஞ்சுக்கும் தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் செல்ல வேண்டும் என்று புட்டியில் அச்சிட்டிருக்கும். வெயிலும் மழையும் செடியின் வளர்ச்சியும் நஞ்சைக் கரைக்க அந்நாட்கள் வேண்டும். கோசுக்கு இது எளிது. ஒரே நாளில் அறுத்துவிடலாம். தக்காளி, வெண்டை, மிளகாய் போன்றவற்றில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை காய் பறிப்பர். பதினான்கு நாள் காக்க வேண்டிய நஞ்சை அங்கே அடிக்கவே கூடாது. தேயிலையின் நிலை இன்னும் நுட்பமானது. பறித்த கொழுந்தை எவரும் கழுவுவதில்லை. வாட்டி, உருட்டி, உலர்த்திப் பெட்டியில் அடைக்கின்றனர். அதன்மீது முதன்முதலாகப் படும் நீர் குடிப்பவரின் கோப்பையில் ஊற்றும் கொதிநீரே. மலேசியாவில் 1985ஆம் ஆண்டு உணவு விதிகள் ஒவ்வொரு பொருளிலும் எஞ்சலாகும் நஞ்சின் அளவுக்கு எல்லை வகுத்துள்ளன.

பழமரங்களுக்கு உரிய முறை சிறிது வேறுபடும். மா பூத்திருக்கும்போது காலையில் நஞ்சடித்தால் தேனீயும் பிற ஈக்களும் மடியும், பிஞ்சு குறையும். தவிர்க்க முடியாத இடத்துப் பூச்சிகள் கூடடைந்த மாலையில், காற்றில்லாத நேரத்தில் அடிப்பது நலம். உயர்ந்த மரத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கித் தெளிப்பவர் தம் முகத்தில் தாமே தெளித்துக்கொள்கிறார். ஆகவே மரத்தை ஆண்டுதோறும் கவாத்துச் செய்து தாழ வைத்தலும் பாதுகாப்பு முறைகளுள் ஒன்றே. பழ ஈக்கு நஞ்சைவிடச் சிறந்த வழியை மலேசியத் தோட்டக்காரர் நெடுநாளாய்க் கையாண்டு வருகின்றனர். பெலிம்பிங் என்று மலாயர் வழங்கும் நட்சத்திரப் பழத்தையும் கொய்யாவையும் பிஞ்சிலேயே காகிதப் பையால் உறையிட்டுக் கட்டிவிடுவர். கூலி மிகும், ஆனால் பழத்தில் நஞ்சும் இல்லை, புழுவும் இல்லை.

கேமரன் மலைக்கே உரிய இடர் ஒன்று உண்டு. அங்கே ஆண்டில் 250 செ.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. காய்கறி நிலங்கள் சரிவில் உள்ளன. தெளித்த நஞ்சு மண்ணோடு சேர்ந்து பெர்த்தாம், தெலோம் ஆறுகளில் இறங்குகிறது. பெர்த்தாம் ஆற்று நீர் 1963இல் கட்டி முடிந்த ரிங்லெட் அணையிற் சேர்கிறது. மழைக்கு முன் அடித்த மருந்து வீணாவதோடு நில்லாது, கீழே வாழ்வோரின் நீரிலும் கலக்கிறது. காலிப் புட்டியை ஓடையிற் கழுவுவதும் இத்தகையதே. புட்டியை மும்முறை அலசி, அலசிய நீரைப் பம்பிலேயே ஊற்றி வயலில் தெளித்துவிட்டுப் புட்டியைத் துளையிட்டு ஒழிக்க வேண்டும் என்பது இந்நாளில் எங்கும் கற்பிக்கப்படும் முறை. 1990கள் முதல் மலையில் பெருகிய நெகிழித்தாள் கூரைகள் மழையையும் ஓரளவு பூச்சியையும் தடுத்தன. கூரைக்குள் காற்றோட்டம் குறைவாதலால் தெளிப்பவர் முன்னிலும் விழிப்பாயிருக்க வேண்டியதாயிற்று.

2023 மே மாதம் முதல் குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் என்னும் இரு நஞ்சுகளைப் பயிருக்குப் பயன்படுத்துவதை மலேசிய அரசு தடை செய்தது. மலைத் தோட்டங்களில் தெளிக்கும் வேலையை இப்பொழுது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளரும் செய்கின்றனர். புட்டியின் மேலுள்ள மலாய் எழுத்து அவர்களுட் பலருக்குப் புதியது.